சுவரொட்டியில் ஒன்பது மணி

பலெர்மோ நகரத்தில் ஒன்பது மணிக்கு என்று போட்ட ரொக் இசை நிகழ்ச்சிக்கு எட்டரைக்கே போய் நின்ற ஒரேயொரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மீன் கழுவிய தண்ணீர் ஓடும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும், மற்றதில் அவர். குசினி பொது.

அவருக்கு ஊர் மன்னார்ப் பக்கம். இத்தாலிக்கு வர முன்னர் மூன்று வருஷம் ஜப்பானில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் நின்றவர். அதனால் எங்கள் சனத்துக்கு அவர் ‘ஜப்பான்’, என்னைப் போன்றவர்களுக்கு ‘ஜப்பான் அண்ணை’. பலெர்மோவில் அவருக்கு மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுக் கழுவும் வேலை. மேல்மாடியில் தொடங்கிக் கீழே இறங்குவார். ஒரு கிழமை எட்டு ஐம்பதுக்குக் கடைசிப் படியில் நின்றார் என்றால் மறு கிழமையும் எட்டு ஐம்பதுதான். ஒரு கட்டடத்தில் இருந்த சிஞ்ஞோரா அம்மா அவருடைய வாளி இரண்டாம் மாடியில் தட்டுப்படும் சத்தத்தைக் கேட்டுத்தான் கோப்பியை அடுப்பில் வைப்பாவாம். அவ மகனுக்கு அதைச் சொல்லிச் சொல்லி ஏசுவாவாம். “படி கழுவுற மனிசன் நேரத்துக்கு வாறான், வங்கியிலை வேலை செய்யிற நீ வாறாயில்லை.” அண்ணை இதை எனக்குச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை. அந்த மகனுக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

ரொக் பைத்தியம் அவருக்கு ஜப்பானில் பிடித்தது. நான் கேட்காமலே ஒருநாள், பருப்புக் கழுவிக்கொண்டு நின்ற என்னிடம் அந்தக் கதையைச் சொன்னார்.

“அங்கை ஒருநாள் நல்ல மழை, பிள்ளை. குடை இல்லை. நிலத்துக்குக் கீழை இறங்கிற படி ஒண்டு தெரிஞ்சுது. சாப்பாட்டுக் கடையாக்கும் எண்டு இறங்கினன். வாசல்லை நிண்டவன் காசை வாங்கிப்போட்டு நம்பர் போட்ட துண்டு ஒண்டு தந்தான். சரி, சாப்பாட்டுக்குத்தான் நம்பர் எண்டு நானும் வரிசையிலை நிண்டன். ஆறரை எண்டு எழுதியிருந்தது. ஆறரை அடிச்சுது, நாலு பெடியள் மேடையிலை ஏறினாங்கள். முதல் அடி அடிச்ச உடனை என்ரை பசி எங்கை போச்சுதெண்டே தெரியாது.”

“பயப்பிடேல்லையோ அண்ணை?”

“வயித்துக்குள்ளை ஒரு மேசன் நிண்டு சுவர் உடைக்கிற மாதிரி இருந்தது. ஆனா நோகேல்லை.”

அதற்குப் பிறகு சம்பளக் கிழமைகளில் எல்லாம் அந்தப் படியால் இறங்கியிருக்கிறார். அங்கே துண்டில் இருக்கும் நம்பர் ஒழுங்கில்தான் உள்ளே விடுவார்களாம். பாட்டு நடக்கும்போது ஒருவரும் வாய் திறக்கமாட்டார்களாம். முடிந்ததும் தான் குடித்த கோப்பையைத் தானே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் போவார்களாம். “இரவு வாழ்க்கை எண்டு சனம் பெரிசாக் கதைக்கும். ஜப்பானிலை என்ரை இரவு வாழ்க்கை ஒன்பதுக்கு முடிஞ்சிடும் பிள்ளை. ஒன்பதரைக்கு ரயில், பத்தரைக்கு நித்திரை, விடிய ஆறுக்கு மெஷினுக்கு முன்னாலை.” அந்த ஒழுக்கத்தைச் சூட்கேசில் மடித்து வைத்துக்கொண்டு பலெர்மோவில் வந்து இறங்கிய மனிதர் அவர். யோசித்துப் பாருங்கள்.

நகரத்தின் கரையில், பிரான்காச்சோவில், பகலில் கார்களுக்கு நிறம் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் கார்களை வெளியே தள்ளிவிட்டு அங்கே ரொக் வாசிப்பார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அண்ணை முதல் முறை போனார். ஒன்பது மணி என்று போட்டிருந்தது. எட்டரைக்குப் போய் நின்றார். இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. திகதி பிழைத்துவிட்டதோ என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பி நடந்து, சுவரொட்டியை இன்னொருதரம் வாசித்துவிட்டு வந்திருக்கிறார். பத்தேகாலுக்குத்தான் மூன்று சில்லு வண்டி ஒன்றில் ட்ரம்ஸ் வந்தது. ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்பவன். கைநகம் எல்லாம் பச்சைக் கறை. “ஒன்பது என்றல்லவா போட்டிருக்கிறீர்கள்” என்று அண்ணை தன் உடைந்த இத்தாலியனில் கேட்க, அவன் சொன்னானாம், “ஒன்பது என்றால், ஒன்பதுக்கு நாங்கள் வீட்டில் சாப்பிட இருக்கிறோம் என்று அர்த்தம்.”

இதைக் கேட்ட எவரும் அடுத்த முறை பதினொன்றுக்குத்தான் போவார்கள். அண்ணை மறு சனிக்கிழமையும் எட்டரைக்குப் போனார்.

“ஏன் அண்ணை, விசரே உங்களுக்கு?”

“அவங்கள் பிந்தினா அது அவங்கடை பிழை. நான் பிந்தினா என்ரை பிழை. அவங்கடை பிழையோடை என்ரையையும் ஏன் கொண்டுபோய்ச் சேர்க்கிறது?”

முன்னதாகவே நிற்பதால் பெட்டி இறக்க ஒரு கை கொடுத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தப் பெட்டி எங்கே வைப்பது, எந்த வயர் எதற்குள் போவது எல்லாம் படித்துக்கொண்டார். முடிந்த பிறகு பட்டறையைக் கூட்டி, விழுந்து கிடந்த கோப்பைகளைப் பொறுக்கிவிட்டுத்தான் கிளம்புவார். பட்டறைக்காரன் காசு நீட்டியிருக்கிறான். “வேலைக்குத்தான் காசு. இது வேலை இல்லை” என்று சொல்லிவிட்டாராம். கடைசி பஸ் போயிருக்கும். பிரான்காச்சோவிலிருந்து பல்லரோவுக்கு ஒரு மணித்தியால நடை. அந்தப் பெடியள் அவருக்கு வைத்த பட்டம் ‘சுவிஸ்காரன்’. எங்களுக்கு ஜப்பான், அவர்களுக்கு சுவிஸ். மன்னார்க்காரர் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.

பாட்டு விளங்குமோ என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். “எனக்கு மட்டுமில்லை பிள்ளை, அந்தச் சத்தத்துக்குள்ளை பக்கத்திலை நிக்கிறவனுக்கும் ஒண்டும் விளங்காது. ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கேலாது. என்ரை இத்தாலியன் பிழைக்காத ஒரேயொரு இடம் அதுதான்.”

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் என் வாயால் ஒரு கெடுதி வந்தது.

அவருக்கு ஊரில் மனைவி. கலியாணம் முடித்து ஒரு வருஷத்தில் ஜப்பானுக்குப் போனவர், இடையில் ஊரில் வந்து நின்ற மூன்று மாதம் தவிர ஏழு வருஷமாய் அவவைக் காணவில்லை. மன்னாரில் சண்டை மூள, அந்த அக்கா கொழும்பில் தமையன் வீட்டுக்கு வந்திருந்தா. அவவைக் கூப்பிட அண்ணை இரண்டு வருஷம் விசாக் கடதாசி பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா வாசலில் நின்றார். அங்கேயும் முதல் ஆள் அவர்தான். கடைசியில் விசா வந்தது. பங்குனி முடிய முன்னர் வந்து இறங்க வேண்டும். தவறினால் எல்லாக் கடதாசியும் திரும்ப அடியிலிருந்து.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு நாலு பேரைக் கண்டால் சிரிக்க வைக்க வேண்டும். அண்ணையைப் போலவே நடந்து காட்டினேன். “சனிக்கிழமை எட்டுக்கு வெளிக்கிட்டா ஆள் விடியப்புறம்தான். உடுப்பெல்லாம் சிகரெட் மணம். நாலுதரம் கூப்பிட்டாத்தான் காது கேக்கும்.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடிதம் கொழும்புக்குப் போக இரண்டு கிழமை எடுக்கும் அந்தக் காலத்தில் என் பகிடி ஒரே கிழமையில் போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற வழியில் சிகரெட் மணம் சாராய மணம் ஆகியிருந்தது. காது கேட்காமல் வந்தவர் வெறியில் வழியில் விழுந்து கிடந்தவர் ஆகியிருந்தார். கடைசிக் கையில் ஓர் இத்தாலியப் பெண்ணும் சேர்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, வழக்கம்போல அண்ணையும் நானும் சந்தை மூலையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போனோம். முதலில் அவர் எடுப்பார், பிறகு நான் அம்மாவுக்கு எடுப்பேன். கூண்டின் கதவு சரியாகப் பூட்டாது. அவர் மனைவியோடு கதைப்பது முழுக்க வெளியே கேட்கும். அதைக் கதை என்று சொல்ல முடியாது. “ஓம். சுகம். நீர் சுகமோ? சாப்பிட்டனீரோ? சரி.” கிழமைக்குக் கிழமை அதே நாலு சொல், அதே தட்டையான குரல். அன்றைக்கு அந்த நாலு சொல்லும்கூட இல்லை. எடுத்தது தமையன்.

“நான் என்ன கெட்ட நடை நடந்தனான்?” என்று அண்ணை கேட்டது மட்டும் கேட்டது. பிறகு றிசீவரை அதன் இடத்தில் நேராக வைத்தார். வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார், “அனுப்பமாட்டினமாம். நான் குடிக்கிறனாம். ஒருத்தி இருக்கிறாளாம்.”

“அண்ணை, அது நான் பகிடிக்கு...”

“தெரியும் பிள்ளை. நீர் பொய் ஒண்டும் சொல்லேல்லையே. மணமும் உண்மை. காதும் உண்மை.”

ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவர் எனக்காக நியாயம் பேசினார், அதுதான் தாங்கவில்லை. அன்று பின்னேரமே சுவாமியிடம் ஓடினேன். எங்களுக்குத் தமிழ்ப் பூசை வைக்கும் பாதிரியாரான அந்தச் சுவாமியும் மன்னார்க்காரர்தான், அந்த அக்காவின் குடும்பத்தை அறிந்தவர். எங்கள் சனத்தில் சுவாமியின் கையால் ஒரு நன்னடத்தைக் கடிதம் போனால் அதற்கு மேல் பேச்சில்லை. நான் அழுதழுது எல்லாம் சொன்னேன். சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் காணாததை எழுதமாட்டன், பிள்ளை.”

அண்ணையிடம் வந்து இதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “சுவாமி சொல்லுறது சரி. காண வரச் சொல்லும்.”

அந்தச் சனிக்கிழமை சுவாமி வந்தார். வந்ததோடு, “கதையைத் தொடக்கினவவும் வர வேணும்” என்று என்னையும் கூட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குச் சனிக்கிழமைகளில் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவும் வேலை. “சுவாமியோடைதானே, போய்வா” என்றார். மூன்று பேரும் பஸ் ஏறினோம். எட்டரைக்கு அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றோம். மாசிக் குளிர். சுவாமி மேற்சட்டைக் கழுத்தை ஏற்றிவிட்டுச் செபமாலையை எடுத்தார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றும் முடிந்தது. கதவு திறக்கவில்லை.

“இப்பிடி எத்தினை கிழமையா நிக்கிறீர்?”

“ரண்டு வருசமா, சுவாமி.”

“மனிசியிட்டை ஏன் இதைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா ஆற்றை கதையையும் அவ நம்பியிருக்கமாட்டா.”

அண்ணை கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எப்பிடிச் சுவாமி சொல்லுறது? அவள் ஷெல்லுக்குள்ளையும் செக்கிங்குக்குள்ளையும் கிடந்து, இப்ப தமையன் வீட்டிலை ஒரு மூலையிலை இருக்கிறாள். நான் இஞ்சை பாட்டுக் கேக்கிறன், எனக்குச் சந்தோசமா இருக்குது எண்டு எந்த வாயாலை சொல்லுறது? சுகம் எண்டு சொல்லலாம். சந்தோசம் எண்டு சொல்ல ஏலாது.”

சுவாமி மூன்றாம் சுற்றுத் தொடங்கினார்.

பத்தரைக்கு வண்டி வந்தது. ட்ரம்ஸ்காரப் பெடியன் இறங்கினான், சுவாமியின் கழுத்துப் பட்டியைக் கண்டான், முகம் வெளிறியது. “யார் செத்தது?” என்றான். ஒருவரும் சாகவில்லை என்று அறிந்ததும் சுவாமியின் கையை முத்தமிட்டு, அதே கையில் ஒரு பையைக் கொடுத்தான். உள்ளே ட்ரம்ஸோடு அடிக்கும் பித்தளைத் தட்டங்கள். சுவாமி அதைப் பூசைப் பாத்திரம் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினொன்றரைக்குத் தொடங்கியது. அதற்குள் பட்டறை நிரம்பிவிட்டது. பெண்களும் பாதிக்குப் பாதி. ஒரு தாய்க்காரி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். முதல் அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சுவாமி இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். இடப்பக்கப் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உடம்பில் அசைந்தது வலக் குதிக்கால் ஒன்றுதான். யாரோ தேசிக்காய்ச் சோடா ஒன்றைக் கொண்டு வந்து அவர் கையில் திணித்தார்கள். ஒரு பாட்டு முழுக்க அதை வாயில் வைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்தார், சிரித்தார். இரண்டு வருஷம் ஒரே குசினியில் சமைத்திருக்கிறோம், அப்படியொரு சிரிப்பு அந்த முகத்தில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. சுவாமியும் அதைக் கண்டார். நாலாம் பாட்டில் பார்க்கிறேன், சுவாமியின் விரல்கள் காதில் இல்லை.

முடிந்ததும் அண்ணை தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். நான் கோப்பை பொறுக்கினேன். ஒரு மணித்தியாலம் நடந்து வந்தோம். வழி முழுக்கச் சுவாமி செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். என்ன எழுதுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொண்டுவந்து அண்ணையின் கையில் கொடுத்தார். உறை ஒட்டவில்லை. “வாசிச்சுப் பாத்திட்டு ஒட்டும்” என்றார். அண்ணை வாசிக்கவில்லை. “எனக்கு எழுதின கடிதமோ இது?” என்று என் கண் முன்னாலேயே ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டார். எனக்கு வந்த கோபம்! பிரித்துக் காட்டியிருந்தால் இரண்டு கிழமை நித்திரை கொண்டிருப்பேன்.

இரண்டு ஞாயிறு அவர் கூண்டுக்குள் போகவில்லை. வெளியே நின்று நான் அம்மாவோடு கதைத்து முடியும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார். சனிக்கிழமைகளிலும் போகவில்லை. எட்டு மணிக்குச் சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டு அறையில் இருந்தார். பங்குனி பிறந்து ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஞாயிறு கூண்டுக்குள் போனார். கதவு இடுக்கால் கேட்டது. “ஓம்... ஓம், நான்தான்... கடிதம் வந்ததோ?” பிறகு, “ஓம், பெம்பிளையளும் வாறவை.” கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து றிசீவரை என்னிடம் நீட்டினார். “உம்மோடை கதைக்க வேணுமாம்.” முகம் சாம்பல் நிறம். அவர் வெளியே போய் நின்றார். நான் கூண்டுக்குள் நின்றேன்.

“தங்கச்சி, நீங்களும் அங்கை போனனீங்களாம்?” அந்த அக்காவின் குரலை முதல் முதல் கேட்கிறேன்.

“ஓம் அக்கா. போனனான். அந்தக் கதையைத் தொடக்கினதும் நான்தான். என்னை மன்னியுங்கோ.”

“அதை விடுங்கோ. சுவாமி எழுதியிருக்கிறார், ‘இவர் போகிற இடத்தில் எனக்குக் காது மட்டும்தான் நொந்தது’ எண்டு. எங்கடை அண்ணா வாசிச்சிட்டுச் சிரிச்சவர்.” அவ சிரிக்கவில்லை. “நீங்கள் ஒண்டு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. அவர் அங்கை சந்தோசமா நிண்டவரோ?”

கதவுக்கு வெளியே அண்ணையின் முதுகு தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல ஏலாது என்று அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் சொன்ன மனிதர். வாயால் கெடுத்தவள் நான். இந்த முறை யோசித்துத்தான் பேசினேன்.

“ஓம் அக்கா. சரியான சந்தோசமா நிண்டவர். கண்ணை மூடிக்கொண்டு.”

பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு அவ மெல்லச் சொன்னா.

“குடிக்கும், பெட்டைக்கும் நான் பயப்பிடேல்லை, தங்கச்சி. அந்தாளை எனக்குத் தெரியும். ஃபோனிலை வாற அந்தக் குரல்தான். உயிரில்லாத குரல். ஆள் அங்கை செத்துப்போச்சுதாக்கும், நான் போய் ஆரோடை சீவிக்கிறது எண்டு இரவிரவா யோசிப்பன். அண்ணா மறிச்சபோது நானும் பேசாமல் இருந்தது அதுக்குத்தான்.” மூச்சை இழுத்துவிட்டா. “வாறன் எண்டு சொல்லுங்கோ. நான் இப்ப அவரோடை கதைச்சா அழுதுபோடுவன்.”

வைத்துவிட்டா.

நான் வெளியே வந்தேன். அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“வாறாவாம், அண்ணை.”

அவர் சட்டைக் கையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“எத்தினை மணிக்கு?”